மூளை ஊறுபட்ட குழந்தைகளின் கல்வி

உடற்குறையுள்ள குழந்தைகளுக்குக் கல்வி புகட்டுவதில் பினாங்குத் தீவுக்கு நெடிய வரலாறு உண்டு. பார்வையற்றோருக்கென 1926-ஆம் ஆண்டு மலாக்காவில் தோன்றிய செயின்ட் நிக்கலஸ் இல்லம் 1931-இல் இத்தீவுக்கு இடம்பெயர்ந்தது. காது கேளாத சிறார்க்கான கூட்டரசுப் பள்ளி 1954-இல் தஞ்சோங் பூங்காவில் நிறுவப்பெற்றது. இப்பள்ளிகளில் பிள்ளையின் குறை இன்னதென அறிந்தே ஆசிரியர் பாடம் நடத்துகிறார். ஆனால், சாலை விபத்தாலோ மூளைக் காய்ச்சலாலோ மூளை ஊறுபட்ட குழந்தையின் நிலை வேறு. அக்குறை பலர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

புறக்காயம் ஆறுகிறது, நடையும் பேச்சும் திரும்புகின்றன, பிள்ளை பிழைத்ததெனப் பெற்றோர் மகிழ்கின்றனர். தொல்லை பின்னரே தொடங்குகிறது. விரைந்து கணக்குப் போட்ட பிள்ளை இப்போது பாதியில் நிறுத்திவிடும். காலையில் படித்தது மாலையில் நினைவிராது. சிறு காரணத்துக்கும் சீறும். சற்று நேரத்திலேயே களைத்து மேசைமேல் தலை சாய்க்கும். பள்ளியில் இதனைச் சோம்பல் என்பர். உறவினரோ செல்லங் கொடுத்ததன் விளைவு என்பர். நோய்க்குரிய குறைக்குத் தண்டனை கிடைக்கிறது!

இதற்குக் காரணம் யாது? தலை வேகமாக மோதும்போது மூளையின் நெற்றிப்புறமும் பொட்டுப்புறமுமே பெரிதும் ஊறுபடுகின்றன. கவனம், நினைவு, திட்டமிடுதல், சினமடக்கல் ஆகியவற்றில் இப்பகுதிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இளமூளை தானே தேறிவிடும் என்ற பழங்கருத்து முழு உண்மையன்று. நெற்றிப்புற மூளை இருபது வயதைக் கடந்தும் வளர்கிறது. ஆகவே ஆறு வயதில் நேர்ந்த ஊறு, பதின்மூன்றில் இடைநிலைப்பள்ளி சேர்ந்து, பல பாடங்களைத் தானே ஒழுங்குபடுத்தும் நிலை வரும்போது வெளிப்படலாம்.

அமெரிக்கக் கல்விச் சட்டம் 1990-இல் மூளைக் காயத்தைத் தனி வகையாக ஏற்றது. மலேசியாவில் மாற்றுத்திறனாளிப் பதிவு ஏழு வகைப்படும். மூளைக் காயம் அவற்றுள் தனி வகையன்று. கற்றல் குறை, உடற்குறை போன்ற பிரிவுகளில் ஒன்றிலேயே அக்குழந்தை பதிவு பெறவேண்டும். குறையுள்ள எந்தப் பிள்ளையையும் பள்ளி மறுத்தலாகாது என்னும் கொள்கை 2019-இல் நடைமுறைக்கு வந்தது. எனினும், சேர்த்துக்கொள்வது முதற்படியே. கற்பிக்கும் முறையும் மாறவேண்டும்.

அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தொடக்கத்தில் சில மணி நேரம் மட்டும் பள்ளி, படிப்படியாக முழுநாள். கட்டளை ஒவ்வொன்றாக, அன்றைய வேலை மேசைமேல் எழுத்தில். ஓசை குறைந்த இருக்கை, இடையிடையே ஓய்வு, தேர்வில் கூடுதல் நேரம். வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே நாள்தோறும் செல்லும் ஒரு குறிப்பேடு. உடற்பயிற்சி சிகிச்சையும் பேச்சுப் பயிற்சியும் இவற்றோடு இணைந்தே பயனளிக்கும்.

குடும்பத்துக்கும் துணை தேவை. பிள்ளை உயிரோடிருக்கையிலேயே பழைய பிள்ளையை இழந்துவிட்ட துயரம் தாய்தந்தையரை வாட்டும். உடன்பிறந்தோர் கவனிப்பின்றி ஒதுங்குவர். இது பிள்ளையின் குணக்கேடன்று, காயத்தின் விளைவு என்று மருத்துவர் தெளிவாக விளக்கினால் வீட்டில் பாதிச் சண்டை ஓயும். பெற்றோர் மருத்துவக் குறிப்புகளைப் பேணி வைத்து, வகுப்பு மாறுந்தோறும் புதிய ஆசிரியரிடம் காட்டவேண்டும். விபத்து நடந்து ஆண்டுகள் பல ஆயினும் அச்செய்தி பழையதாகிவிடுவதில்லை.