உங்களுக்குத் தெரியுமா? குச்சி குதிரையாகும் வயது

வீட்டுப்பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்திருக்கும் பிள்ளையை அதட்டாத வீடு குறைவு. அந்த நேரத்தில் அதன் மனம் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அடுத்த முறை சற்றுப் பொறுத்தே கூப்பிடுவோம்.

● ஏறத்தாழ ஒன்றரை வயதில் குழந்தை வெறும் டம்ளரை வாயில் வைத்துப் பால் குடிப்பதாகப் பாவனை செய்யத் தொடங்குகிறது. கொஞ்ச நாளில் பொம்மைக்கும் அதே டம்ளரில் ஊட்டும். பிறகு கொட்டாங்கச்சி இட்லிப் பானையாகும், ஈரமணல் மாவாகும். இந்தப் பாவனை விளையாட்டு உச்சத்தில் இருப்பது மூன்று முதல் ஆறு வயது வரை.

● குச்சியைக் குதிரையாக்கி ஓடும் பிள்ளை பெரிய வேலை ஒன்றைச் செய்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி (1896–1934). கையில் இருப்பது குச்சி, மனத்தில் ஓடுவது குதிரை. ஒன்றை இன்னொன்றாக வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் பின்னாளில், தாளில் உள்ள கோடுகளை எழுத்தாகப் படிக்கவும் வழிசெய்கிறது.

● விளையாடும்போது தனக்குத்தானே பேசிக்கொள்ளும் பிள்ளையைக் கண்டு கவலைப்படத் தேவையில்லை. அது தன் வேலைக்குத் தானே வழி சொல்லிக்கொள்கிறது. ஏழு வயதை ஒட்டி இந்தப் பேச்சு மெல்ல அடங்கி மனத்துக்குள் போய்விடும். நாம் சிந்தனை என்கிறோமே, அதில் ஒரு பகுதி இப்படி உள்ளே போன பேச்சுதான் என்பது வைகாட்ஸ்கியின் கருத்து.

● “இவளுக்கும் ஒரு தோசை போடும்மா” என்று கண்ணுக்குத் தெரியாத தோழிக்குத் தட்டு கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழக உளவியலாளர் மார்ஜரி டெய்லரும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏறத்தாழ 65 சதவீதக் குழந்தைகளுக்கு இப்படி ஒரு கற்பனைத் தோழமை இருந்தது தெரியவந்தது. உயிருள்ளதாகப் பாவித்துப் பழகும் பொம்மைகளும் இந்தக் கணக்கில் அடங்கும். அந்தத் தோழி நிஜமில்லை என்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு நன்றாகவே தெரியும்.

● மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவுக்கும் ஆறு வயதையொட்டி அப்படி ஒரு தோழி இருந்தாள். ஜன்னல் கண்ணாடியில் மூச்சை ஊதி, அந்த ஆவியில் விரலால் ஒரு கதவு வரைந்து, அதன் வழியே தோழியைப் பார்க்கப் போனதாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ‘இரண்டு ஃப்ரீடாக்கள்’ என்ற தம் புகழ்பெற்ற ஓவியம் (1939) பிறந்ததற்கு அந்தத் தோழியைத்தான் காரணமாகச் சொன்னார்.

● கட்டிலுக்கு அடியில் பூதம் இருக்கிறது என்று அழும் பிள்ளை பொய் சொல்வதில்லை. பிரிட்டிஷ் உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் 1991-இல் நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம், காலிப் பெட்டிக்குள் ஒரு பூதம் இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது வெறும் பாவனை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனாலும் தனியே விடப்பட்டதும் சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “பயப்படாதே” என்று அதட்டுவதைவிட, விளக்கைப் போட்டுச் சேர்ந்து குனிந்து பார்ப்பதே நல்ல மருந்து.

● நான்கு, ஆறு வயதுப் பிள்ளைகளிடம் சலிப்பூட்டும் வேலை ஒன்றைக் கொடுத்து, பக்கத்திலேயே ஆசைகாட்டும் விளையாட்டையும் வைத்தார்கள் அமெரிக்க ஆய்வாளர்கள். பேட்மேன் போன்ற பாத்திரமாக வேடம் போட்டு, “பேட்மேன் ஒழுங்காக வேலை செய்கிறாரா?” என்று தன்னையே கேட்டுக்கொண்ட பிள்ளைகள்தான் மற்றவர்களைவிட அதிக நேரம் வேலையில் நிலைத்தார்கள். 2017-இல் வெளிவந்த இந்த ஆய்வுக்குப் ‘பேட்மேன் விளைவு’ என்றே பெயர்.

● நாம் எந்த வேலையும் செய்யாதபோதும் மூளை ஓய்ந்திருப்பதில்லை. அப்போது அதன் சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து மும்முரமாக இயங்குவதை 2001-இல் அமெரிக்க நரம்பியலாளர் மார்கஸ் ரைக்கிள் குழுவினர் எடுத்துக்காட்டினார்கள். பழைய நினைவுகளைப் புரட்டுவது, நாளையை எண்ணிப் பார்ப்பது, அடுத்தவர் மனத்தை ஊகிப்பது ஆகியவற்றில் அந்தப் பகுதிகளுக்குப் பங்கு உண்டு. பகல் கனவு ஓடுவதும் அங்கேதான்.

● ஒரு எச்சரிக்கை. பேச்சின் நடுவே திடீரென உறைந்து, சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, தொட்டுக் கூப்பிட்டாலும் திரும்பாமல், பிறகு எதுவும் நடக்காததுபோல் பிள்ளை பேச்சைத் தொடர்கிறதா? ஒரே நாளில் பலமுறை அப்படி நடக்கிறதா? அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். பகல் கனவு காணும் பிள்ளை தோளைத் தொட்டால் திரும்பிவிடும்.

● 1826-இல் இங்கிலாந்தின் ஹாவர்த் கிராமத்தில் ஒரு பாதிரியார் தம் மகனுக்கு மரத்தால் ஆன சிப்பாய் பொம்மைகள் வாங்கி வந்தார். அவனும் சகோதரிகள் மூவரும் ஆளுக்கொரு சிப்பாயை எடுத்துக்கொண்டு பெயர் சூட்டினார்கள். அந்தச் சிப்பாய்களுக்காக ஒரு நாட்டையே உருவாக்கினார்கள். சிப்பாய்கள் படிப்பதற்கென்று தீப்பெட்டி அளவில் குட்டிப் புத்தகங்கள் எழுதினார்கள். 21 ஆண்டுகள் கழித்து, 1847-இல், ‘ஜேன் அயர்’, ‘வுதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ மூன்றும் வெளிவந்தன. எழுதியவர்கள் அந்த பிரான்டே சகோதரிகள்தான்.

● 1881-இல் ஸ்காட்லாந்தின் பிரேமார் ஊரில் மழை விடவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்த 13 வயது லாய்டும் அவனுடைய மாற்றுத் தந்தை ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் படம் வரைந்து பொழுதைப் போக்கினார்கள். அப்படிப் பிறந்த ஒரு தீவின் வரைபடம்தான் ‘புதையல் தீவு’ நாவலுக்கு விதை. ஸ்டீவன்சனின் தந்தையும் சேர்ந்துகொண்டு, பழைய மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன இருக்கும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்.

● 1941-இல் ஸ்வீடனில் நிமோனியாவில் படுத்திருந்த ஏழு வயது கரின், தானே இட்டுக்கட்டிய ஒரு பெயரைச் சொல்லி, அந்தப் பெண்ணின் கதையைச் சொல்லும்படி அம்மாவிடம் கேட்டாள். அம்மா ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரென் மறுக்காமல் சொல்லத் தொடங்கினார். 1945-இல் புத்தகமாக வந்த அந்தக் கதைதான் உலகக் குழந்தைகள் கொண்டாடும் ‘பிப்பி நீள்காலுறை’.

● பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் அம்புலிப் பருவம், குழந்தையோடு விளையாட நிலாவை அழைக்கிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் சிற்றில் பருவத்தில், தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்காதே என்று சிறுமிகள் கெஞ்சுகிறார்கள். குழந்தையின் மணல் வீட்டுக்கும் ஒரு பருவம் ஒதுக்கிய இலக்கியம் நம்முடையது.

● ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமைகள். 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 1992-இல் இந்தியாவும் அதில் இணைந்தது. டியூஷன், அபாகஸ், கராத்தே, கீபோர்டு என்று வாரத்தை நிரப்புவதற்கு முன், தினமும் மாலையில் கொஞ்ச நேரத்தைக் காலியாக விட்டுவையுங்கள். அதை என்ன செய்வது என்று பிள்ளையே முடிவு செய்யட்டும்.