மின்சுற்றுப் படமும் ஓர் அட்டவணையே!

சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் மின்சார ரயிலில் காலை வேளையில் ஏறியிருக்கிறீர்களா? கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிலையமான பொத்தேரி வந்ததும் பெட்டி சட்டென்று காலியாகிவிடும். இறங்குபவர்களில் பெரும்பாலோர் அங்குள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவர்கள். அவர்களுக்கு முன் அங்கே பயின்ற மாணவர்கள் உருவாக்கிய ‘எஸ்.ஆர்.எம்.சாட்’ என்னும் சிறு செயற்கைக்கோள், 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி18 ராக்கெட்டில் ஏறி விண்வெளிக்குச் சென்றது. எடை 10.9 கிலோகிராம்தான். ஆயினும் காற்று மண்டலத்திலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் ஆராய்வதற்கான நிறமாலைமானி ஒன்று அதனுள் இருந்தது.

இப்படிப்பட்ட கருவி எதுவாயினும், அதன் மின்சுற்று முதலில் ஒரு படமாகவே பிறக்கிறது. உங்கள் இயற்பியல் பாடநூலில் நீங்கள் வரையும் அதே படம்தான். வளைந்து வளைந்து செல்லும் கோடு மின்தடை. இரண்டு இணைகோடுகள் மின்தேக்கி. மின்தடைகளுக்கு ஆர்1, ஆர்2 என்றும், மின்தேக்கிகளுக்கு சி1, சி2 என்றும் பெயரிடுகிறோம்.

இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவிலுள்ள ஒரு கடைக்குப் போய், “ஆர்1 கொடுங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் சிரிப்பார். எத்தனை ஓம்? கால் வாட்டா, அரை வாட்டா? பிழை வரம்பு 5 சதவீதமா, 1 சதவீதமா? கம்பிக்கால் உள்ளதா, பலகையின் மேல் ஒட்டவைக்கும் சிறு வகையா? எந்தக் கம்பெனி, அதன் சரக்கு எண் என்ன? ஒரே ஒரு மின்தடைக்கு இத்தனை விவரங்கள்! இவை ஒவ்வொன்றையும் ‘புலம்’ என்பர். படத்தில் கண்ணுக்குத் தெரிவது ஒன்றிரண்டு புலங்களே. மற்றவை குறியீட்டின் பின்னால் மறைந்திருக்கின்றன.

மறைந்திருப்பதால் அவை முக்கியமற்றவை என்று எண்ணிவிடாதீர்கள். உறுப்பின் கால்களுக்கு எந்த உலோகப் பூச்சு கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் ஒரு புலம்தான். தூய வெள்ளீயப் பூச்சிலிருந்து மயிரிழை போன்ற நுண்ணிய உலோக இழைகள் தாமாகவே வளர்வதுண்டு. ஓர் இழை அடுத்த காலைத் தொட்டால் குறுக்குச்சுற்று ஏற்படும். அமெரிக்காவின் கேலக்ஸி-4 என்னும் செய்தித் தொடர்புக் கோள் 1998 மே மாதம் செயலிழந்து, அந்நாட்டுப் பேஜர் கருவிகளில் பெரும்பாலானவை ஊமையானதற்கு இத்தகைய இழைகளே காரணம் என்று கருதப்படுகிறது. மின்சுற்றுப் படத்தை எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் இந்தக் குறை தெரியாது. அது படத்தில் இல்லை, புலத்தில் இருக்கிறது.

விண்வெளி வரை போவானேன்? நான் அறிந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர்கள் சிலர் 5 வோல்ட் மின்வழங்கி ஒன்றைத் திட்டமிட்டனர். 9 வோல்ட் மின்மாற்றி, நான்கு டயோடுகள், ஒரு பெரிய மின்தேக்கி. மாறுதிசை மின்னோட்டத்தின் உச்ச மதிப்பு 9 × 1.414, அதாவது 12.7 வோல்ட். டயோடுகளில் 1.4 வோல்ட் இழப்பு போக, மின்தேக்கிக்கு 11.3 வோல்ட் கிடைக்கும். ஆகவே 16 வோல்ட் தாங்கும் மின்தேக்கி போதும் என்று முடிவு செய்து, வாங்கவேண்டிய பொருள்களின் பட்டியலைக் கணிப்பொறியில் ஓர் அட்டவணையாகத் தட்டச்சு செய்தனர். சரியான கணக்குத்தான்.

பிறகு, 5 வோல்ட்டுக்குப் பதில் 12 வோல்ட் தேவை என்றாயிற்று. மின்மாற்றியை 15 வோல்ட்டாக மாற்றினர். இப்போது உச்ச மதிப்பு 21.2, இழப்பு போக 19.8 வோல்ட். மின்தேக்கி 35 வோல்ட் தாங்க வேண்டும் என்று படத்தில் ஒழுங்காகத் திருத்தியும்விட்டனர். ஆனால் அட்டவணையைத் திருத்த யாருக்கும் நினைவில்லை! கடைக்குப் போனது அட்டவணைதானே? 16 வோல்ட் மின்தேக்கிகளே வந்து சேர்ந்தன. இணைப்புக் கொடுத்த சிறிது நேரத்தில் ‘பட்’ என்று ஓர் ஓசை. மின்தேக்கியின் தலை பிளந்து, அறை முழுவதும் மீன் வாடை போன்ற நாற்றம். நல்லவேளையாக யாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

யார் மீது குற்றம்? ஒரே செய்தியை இரண்டு இடங்களில் எழுதிவைத்ததுதான் குற்றம் என்பேன். ஓரிடத்தில் திருத்தினால் மற்றோரிடத்திலும் திருந்த வேண்டும். நூறு உறுப்புகளும் ஒவ்வொன்றுக்கும் எட்டுப் புலங்களும் இருந்தால் எண்ணூறு கட்டங்கள். மனிதக் கை இதைத் தவறின்றிச் செய்யாது.

இதற்கு உதவவே சில துணைப் புரோகிராம்கள் எழுதப்பட்டுள்ளன. மின்சுற்று வரைவதற்குக் ‘கிகேட்’ என்றொரு மென்பொருள் உண்டு. பிரான்சின் கிரனோபிள் நகரில் ழான்-பியேர் ஷாரா என்பவர் 1992-இல் தொடங்கியது. பின்னாளில் அணுத்துகள் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற செர்ன் நிலையமும் அதன் வளர்ச்சிக்கு உதவியது. யாரும் இலவசமாகப் பெறலாம். அதனுடன் சேர்ந்து பணிபுரிய, ‘கிஃபீல்ட்’ என்னும் துணைப் புரோகிராம் பைத்தான் மொழியில் எழுதப்பட்டிருக்கிறது. படத்திலுள்ள புலங்களையெல்லாம் அது ஒரு விரிதாளில் கொட்டித் தரும். கட்டம் கட்டமாக எண்களை நிரப்பும் அட்டவணைதான் விரிதாள். எக்செல் போன்றவற்றை உங்கள் பள்ளிக் கணிப்பொறியிலேயே பார்த்திருப்பீர்கள். அங்கே வசதியாகத் திருத்திய பின், புரோகிராம் அந்த விவரங்களைத் திரும்பவும் படத்தில் உரிய குறியீடுகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிற்காலக் கிகேட் பதிப்புகளில் புலங்களை அட்டவணையாகப் பார்த்துத் திருத்தும் வசதி உள்ளேயே அமைந்துவிட்டது.

ஒரு படத்திற்குள் இன்னொரு புரோகிராம் எப்படி நுழைந்து எழுத முடியும்? கிகேட் தன் படத்தைப் புகைப்படம்போல் புள்ளிகளாகச் சேமிப்பதில்லை. வெறும் எழுத்துகளாகவே சேமிக்கிறது. “இங்கே ஒரு மின்தேக்கி, இடம் இது, பெயர் சி1, மதிப்பு 1000 மைக்ரோஃபாரட், தாங்கும் அழுத்தம் 35 வோல்ட்” என்பதுபோல் வரி வரியாக இருக்கும். திரையில் நாம் காணும் படம், இந்த வரிகளைப் படித்துக் கணிப்பொறி வரைந்து காட்டுவது. ஆக, மின்சுற்றுப் படமும் உண்மையில் ஓர் அட்டவணையே!

சரியான விவரம் சரியான உறுப்புக்குப் போவது எப்படி? உங்கள் வகுப்பாசிரியர் மதிப்பெண் பதிவேட்டைப் பார்த்து நாற்பது பேருடைய தேர்ச்சி அட்டையையும் நிரப்புகிறார். வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தால் பெயரை வைத்து எழுத முடியுமா? வரிசை எண்ணைப் பார்த்தே எழுதுகிறார். மின்சுற்றில் அந்த வரிசை எண்தான் ஆர்1, சி1 என்னும் குறிப்பெயர். விரிதாளில் சி1 இருக்கும் வரியைக் கண்டுபிடி, படத்தில் சி1 இருக்கும் இடத்தைக் கண்டுபிடி, ஒவ்வொரு புலமாக எழுது. வேலை அவ்வளவுதான்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆண்டின் நடுவே புது மாணவர் ஒருவர் சேர்ந்து, அகர வரிசைப்படி எண்களை மாற்றினால் என்னவாகும்? பழைய பதிவேட்டிலுள்ள 17-ஆம் எண் இப்போது வேறொருவர்! மின்சுற்றிலும் புது மின்தடை ஒன்றைச் செருகிவிட்டு எல்லாவற்றுக்கும் மறுபடி எண்ணிட்டால், பழைய விரிதாளின் ஆர்17 புதிய படத்தின் ஆர்17 அல்ல. புரோகிராம் குறை சொல்லாமல் தவறான மதிப்பை நிரப்பிவிடும். மாற்றுவதற்கு முன் பழைய படத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளும் வழக்கம் இதனால்தான். வெற்றுக் கட்டமும் தொல்லை தருவதே. அதற்குப் பொருள் ‘அழித்துவிடு’ என்பதா, ‘இருப்பதை அப்படியே விடு’ என்பதா? புரோகிராம் எழுதுபவர் இரண்டில் ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். பயன்படுத்துபவருக்கு அது தெரிந்திருக்கவும் வேண்டும்.

இவற்றைவிட வேடிக்கையான ஆபத்து விரிதாளிடமே இருக்கிறது. நகலெடுக்கும்போது தசமப் புள்ளி மங்கி மறைந்துவிடலாம் என்று, மின்னணுவியலார் புள்ளியின் இடத்தில் ஓர் எழுத்தைப் போடுவர். 4கே7 என்றால் 4.7 கிலோஓம். நம் நாட்டில் ஓம் என்பதற்கு ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தைப் போடும் பழக்கம் உண்டு. ஆகவே 2ஈ2 என்றால் 2.2 ஓம். இதை விரிதாளில் தட்டச்சு செய்தால் என்ன ஆகும்? அறிவியல் குறியீட்டில் ‘ஈ’ என்பது பத்தின் அடுக்கைக் குறிக்குமல்லவா? விரிதாள் இதை 2 × 10² என்று புரிந்துகொண்டு, கேட்காமலேயே 200 ஆக்கிவிடும்! மின்தடையின் குறுக்கே 0.66 வோல்ட் இருக்கிறதென்று கொள்வோம். 2.2 ஓமில் 0.3 ஆம்பியர் பாயும். 200 ஓமில் 3.3 மில்லியாம்பியர்தான்.

உறுப்பின் அளவைக் குறிக்கும் 0603 என்னும் எண்ணையும் விரிதாள் விட்டுவைக்காது. முன்னாலுள்ள சுழியத்தைத் தள்ளிவிட்டு 603 என்று எழுதும். அது எண்ணே அல்ல. நீளமும் அகலமும் சேர்த்து எழுதிய பெயர். அங்குலக் கணக்கில் 0603 என்பது ஏறத்தாழ 1.6 × 0.8 மில்லிமீட்டர். மெட்ரிக் கணக்கிலும் ஒரு 0603 உண்டு, அது 0.6 × 0.3 மில்லிமீட்டர். அரிசிக் குருணையை விடச் சிறியது!

மின்னணுவியலாரை மட்டும் விரிதாள் இப்படி ஏமாற்றவில்லை. மனித மரபணுக்கள் சிலவற்றின் பெயர்கள் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று இருந்தன. விரிதாள் அவற்றை மார்ச் முதல் தேதி, செப்டம்பர் முதல் தேதி என்று மாற்றிக்கொண்டே இருந்தது. சலித்துப்போன பெயரிடும் குழு, இத்தகைய மரபணுக்களின் பெயர்களையே மாற்றி 2020-இல் அறிவித்தது. விரிதாளைத் திருத்த முடியாமல் உயிரியலைத் திருத்தினார்கள் என்று என் நண்பரொருவர் கேலி செய்வார்.

பள்ளிக் கணிப்பொறியில் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் 2ஈ2 என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்து, அடுத்த கட்டத்துக்குச் செல்லுங்கள். பிறகு வேறொரு நெடுவரிசையை முதலில் ‘உரை’ என்று அமைத்துவிட்டு, அதிலும் அதையே தட்டச்சு செய்யுங்கள். இரண்டாவதில் எழுதியது எழுதியபடியே நிற்கும். இனி முதல் கட்டத்தையும் ‘உரை’ என்று மாற்றிப் பாருங்கள். 2ஈ2 திரும்பி வராது. 200 தான் இருக்கும். அந்த 200 தொடக்கத்திலேயே 200 ஓமாக இருந்ததா, 2.2 ஓமாக இருந்து மாறியதா என்பதை விரிதாளாலும் சொல்ல முடியாது, அதிலிருந்து படத்தை நிரப்பும் துணைப் புரோகிராமாலும் சொல்ல முடியாது. அந்த மின்தடையின் வேலை என்ன என்று அறிந்தவர்தான் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.