வாத்தியார் எழுதிய ஒரு வரி

குழந்தைகள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் ரிப்போர்ட்டில் நாம் முதலில் பார்ப்பது மார்க்கைத்தான். அடியில் உபாத்தியாயர் எழுதும் வரியை யார் கவனிக்கிறோம்? அப்படி ஒரு வரியின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நார்வே தேசத்து ஆஸ்லோ நகருக்கு அப்போது கிறிஸ்டியானியா என்று பெயர். 1818-ல் அங்குள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக வந்தார் ஹோல்ம்போ. அவருக்கே வயது 23 தான். வகுப்பில் நீல்ஸ் ஆபெல் என்று ஒரு பையன், பாதிரியாரின் மகன். அவன் புத்தியைக் கண்டு பிரமித்த வாத்தியார், மேதைகளின் நூல்களைக் கொடுத்துப் படிக்கச் செய்தார். உயிரோடிருந்தால் இவன் பெரிய கணித மேதை ஆவான் என்று பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியும் வைத்தார்.

உயிரோடிருந்தால்! என்ன வேளையில் எழுதினாரோ!

1820-ல் ஆபெலின் தகப்பனார் காலமானார். 17 வயதுப் பையன் தலையில் குடும்ப பாரம் விழுந்தது. ஹோல்ம்போ உபகாரச் சம்பளத்துக்கு வழிசெய்து, படிப்பு நிற்காமல் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் படிச் சமன்பாடுகளுக்கெல்லாம் பொதுவான சூத்திரம் ஒன்றைக் கணித உலகம் 200 வருஷங்களுக்கு மேலாகத் தேடிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று 1824-ல் நிரூபித்தான் ஆபெல். சொந்தச் செலவில் ஆறே பக்கத்தில் அச்சிட்டான். பக்கம் கூடினால் காசும் கூடுமே!

1826-ல் அவன் அயல்நாட்டில் இருந்தபோது, ஊர் சர்வகலாசாலையில் ஓர் உத்தியோகம் காலியாயிற்று. அது கிடைத்தது யாருக்குத் தெரியுமா? ஹோல்ம்போவுக்கு! ஆனாலும் குருவுக்கும் சிஷ்யனுக்கும் மனஸ்தாபம் வரவில்லை. பாரிஸிலிருந்து அவருக்குத்தான் மனம் விட்டுக் கடிதம் எழுதினான்.

திரும்பி வந்தவனுக்கு நிரந்தர வேலை இல்லை. கடன் மட்டும் இருந்தது. 1828 கிறிஸ்துமஸுக்கு, மணம் பேசி வைத்திருந்த கிறிஸ்டீனைப் பார்க்க ஃப்ரோலண்டுக்குப் போனான். அங்கே க்ஷயரோகம் முற்றிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. 1829 ஏப்ரல் 6-ல் காலமானபோது வயது 26. பெர்லினில் வேலை நிச்சயம் என்று நண்பர் கடிதம் எழுதியது அதற்கு இரண்டு நாள் கழித்து!

அந்த வருஷமே ஹோல்ம்போ தம் மாணவனின் வாழ்க்கைக் குறிப்பை எழுதினார். பிறகு அவன் எழுதியவற்றைத் திரட்டி, 1839-ல் அரசாங்கச் செலவில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். உத்தியோகம் தமக்கு வந்துவிட்டது. பெயராவது அவனுக்கு நிற்கட்டும் என்று எண்ணினாரோ என்னவோ!

பெயர் நின்றது. 2003 முதல் ஆபெல் பெயரால் உலகப் பரிசு வழங்கப்படுகிறது. சென்னையில் பிறந்த ஸ்ரீனிவாச வரதன் 2007-ல் அதைப் பெற்றார். நார்வேயில் சிறந்த கணக்கு ஆசிரியர்களுக்கும் ஒரு பரிசு உண்டு. அதற்கு ஹோல்ம்போவின் பெயர்!

அடுத்த முறை ரிப்போர்ட் வரும்போது, மார்க்கோடு அந்தக் கடைசி வரியையும் படித்துப் பாருங்கள்.