முந்திரி ஓட்டு எண்ணெயும் வண்டிப் பிரேக்கும்

விளைபொருளை விற்றுக் காசாக்கிய பின்பு மிஞ்சும் கழிவை அடுப்பில் இடுவதும் குப்பையில் எறிவதும் விவசாயிகளின் வழக்கம். அவ்விதம் எறியப்படுவனவற்றுள் முந்திரிக்கொட்டையின் ஓடும் ஒன்று. பருப்பு நீங்கிய இவ்வோட்டிலுள்ள எண்ணெய், லாரி, டிராக்டர் முதலிய வாகனங்களின் பிரேக்குகளில் ஓர் அங்கமாகச் சேர்ந்து வருவதைப் பலர் அறியார். இவ்விஷயம் பண்ருட்டி முதலிய இடங்களில் முந்திரி பயிரிடுவோருக்கு வருமானத்தைப் பற்றியது. பாரம் ஏற்றிச் சாலையில் செல்லும் எல்லோருக்கும் உயிரைப் பற்றியது. ஆகவே இதனைச் சிறிது விரிவாக எடுத்துக் கூறுவோம்.

பிரேக்கின் வேலை

பிரேக்கானது வண்டியின் ஓட்டத்தை உராய்வினால் உஷ்ணமாக மாற்றுகிறது. பாரத்துடன் 5 டன் எடையுள்ள வண்டி ஒன்று, வேகம் மாறாமல் 100 மீட்டர் உயரமுள்ள சரிவில் இறங்குவதாகக் கொள்வோம். அதன் முழுச் சக்தியையும் பிரேக்கே ஏற்பதாயின், உண்டாகும் உஷ்ணம் 30 டிகிரி சூடுள்ள 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. சமதரையிலும் வேகம் இரட்டித்தால் பிரேக் ஏற்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும்.

பிரேக்கின் உட்புறத்தில் ஒட்டப்பட்டு அல்லது தறையப்பட்டுள்ள லைனிங்தான் இவ்வளவு உஷ்ணத்தையும் தாங்குகிறது. 100 கிலோ பலத்துடன் அழுத்தும்போது 35 கிலோ தடை உண்டாகுமாயின், அந்த லைனிங்கின் உராய்வு எண் 0.35 எனப்படும். இவ்வெண் மிக அதிகமாயிருப்பதே நன்று என எண்ணுவது தவறு. குளிர்ந்த நிலையிலும் சூடேறிய நிலையிலும் அது பெரிதும் மாறாதிருப்பதே முக்கியம். சூட்டில் பிடிப்புக் குறைந்துவிடுமாயின், சரிவின் நடுவில் பெடலை எவ்வளவு அழுத்தினும் வண்டி நில்லாது.

தோலிலிருந்து கல்நார் வரை

குதிரை வண்டிக் காலத்தில் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸ் தோலைப் பிரேக் கட்டையில் பொருத்தி வந்தனர். இதனைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897 ஆம் ஆண்டில் இத்தொழிலில் இறங்கி, பருத்தி நெசவைக் கொண்டு லைனிங் செய்தார். மோட்டார் வண்டிகளின் வேகத்தினால் உண்டான சூட்டைப் பருத்தி தாங்கவில்லை. ஆகவே 1908 ஆம் ஆண்டு முதல் அவர் ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நாரை உபயோகிக்கலானார். பின்பு உலகெங்கும் கல்நாரே பரவிற்று.

கல்நார் தீயில் எரியாது, விலையும் குறைவு. ஆயினும் அதன் நுண்ணிய தூசி மூச்சுடன் உட்சென்றால் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோயை உண்டாக்கும். இது ஐயமின்றி நிலைநாட்டப்பட்ட உண்மை. 1999 ஆம் ஆண்டில் பிரிட்டனும், 2005 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியமும் இதனைத் தடை செய்தன. கல்நாருக்குப் பதிலாகக் கண்ணாடி இழை, எஃகு இழை, அராமிட் இழை முதலியவற்றைச் சேர்த்து லைனிங் செய்யும் முறைகள் ஏற்பட்டன.

முந்திரி எண்ணெயின் பங்கு

முந்திரி ஓடு தேனடை போன்ற அறைகள் உடையது. அவற்றில் செம்பழுப்பு நிறமான, தோலைப் புண்ணாக்கும் காரமுள்ள எண்ணெய் நிறைந்துள்ளது. ஓட்டின் எடையில் இது ஏறக்குறைய கால் பங்கு. இதிலுள்ள அனகார்டிக் அமிலம் சூடேற்றப்படும்போது கார்டனால் என்னும் பொருளாக மாறுகிறது. கார்டனாலை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்துக் காய்ச்சினால் பிசின் உண்டாகும். அதைக் கெட்டிப்படுத்தி அரைத்தெடுப்பதே உராய்வுத் தூள் எனப்படுவது. அமெரிக்க இரசாயன அறிஞர் மார்ட்டிமர் ஹார்வி 1920களின் இறுதியில் இவ்வெண்ணெயைப் பற்றிப் பெற்ற காப்புரிமைகள் இத்தொழிலுக்கு அடிகோலின.

இத்தூளைச் சேர்ப்பதனால் பிடிப்பு ஒரே சீராக நிற்கிறது; கிறீச்சென்ற ஒலியும் குறைகிறது. ஆனால் அளவு மீறினால் கடுஞ்சூட்டில் தூள் சிதைந்து பிடிப்பைக் கெடுக்கும். ஆகையால் இழை, பிசின், தாது, தூள் ஆகியவற்றின் விகிதமே ஆராய்ச்சியாளரின் முக்கிய வேலையாகும். லைனிங்கின் சிறு துண்டைச் சுழலும் உருளையின்மீது அழுத்தி, குளிரிலும் சூட்டிலும் உராய்வு எண்ணை அளந்தறிகின்றனர். தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி, வாழைப்பழத் தோல் ஆகியவையும் இவ்வகையில் சோதிக்கப்பட்டுள்ளன.

முந்திரி விவசாயிகள் கவனிக்க வேண்டியது யாதெனில், கொட்டையைத் திறந்த சட்டியில் வறுத்தால் எண்ணெய் எரிந்து புகையாகிவிடும். ஆவியில் வேகவைத்து உடைத்தால் எண்ணெய் ஓட்டிலேயே தங்கும். அந்த ஓட்டைச் செக்கிட்டுப் பிழியும் ஆலைகள் விலைக்கு வாங்கிக்கொள்ளும். ஓட்டை விறகாக எரிப்பதற்குமுன் இதனை விசாரித்தறிவது நலம்.

டிராக்டர் உடையோர் அனுசரிக்க வேண்டியவை

1. லைனிங் மாற்றும்போது விலையை மட்டும் பாராமல், கல்நார் அற்றது என்பதை உறுதி செய்துகொள்ளவும். சில லைனிங்குகளின் ஓரத்தில் 'எஃப் எஃப்' என்பது போன்ற இரண்டு எழுத்துக்கள் இருக்கும். முதலெழுத்து சாதாரண நிலையிலும், இரண்டாவது சூடேறிய நிலையிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'இ' என்பது 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்பது 0.35 முதல் 0.45 வரை.

2. பழைய பிரேக்கின் தூசியை வாயினாலோ காற்றுக் குழாயினாலோ ஊதலாகாது. ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். பட்டறைச் சிறுவர்களை இவ்வேலையில் ஈடுபடுத்தவே கூடாது.

3. சரிவில் இறங்குமுன்பே தாழ்ந்த கியரில் இட்டு, எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தவும். கியரை விடுவித்து ஓட்டுவது பேராபத்து.

4. சாலையில் செல்லுமுன் டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களை இணைத்துப் பூட்டவும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் வண்டி கவிழக்கூடும்.

5. வாய்க்கால் நீரில் இறங்கி ஏறியபின் பெடலைச் சிலமுறை இலேசாக அழுத்தி, ஈரத்தைப் போக்கவும்.

பிரேக்கே இல்லாத டிரெய்லர்களில் கரும்பும் நெல்லும் மலைபோல் ஏற்றிச் செல்லப்படுவதை இன்றும் காண்கிறோம். முன்னுள்ள டிராக்டரின் லைனிங் எவ்வளவு உயர்ந்ததாயினும், பின்னின்று தள்ளும் பாரத்திற்கு அது ஈடுகொடாது. கிராம அதிகாரிகள் அறுவடைக் காலம் தொடங்குமுன்பே இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைத்துத் திருத்தம் செய்விப்பார்களாயின், பல குடும்பங்கள் துயரத்தினின்றும் தப்பும்.