நடிகர் இல்லாத கேரவன்

செஞ்சிக்காரர்களுக்குக் கேரவன் என்றால் சினிமாதான். என் வண்டி எந்தத் தெருவில் திரும்பினாலும் நாலு பையன்கள் பின்னாலேயே ஓடிவருவார்கள். "உள்ள யாருக்கா இருக்காங்க?" உள்ளே ஒரு பிரிண்டர், இன்வெர்ட்டர், தண்ணீர் டேங்க், மடக்குக் கட்டில், பிஸ்கட் டப்பா. நடிகர்கள் எல்லாரும் வெளியே வாசலில் கட்டிக் கிடக்கிறார்கள். கட்டாத ஒருவர் குப்பைமேட்டில் புரண்டுகொண்டிருப்பார்.

வளர்ப்புப் பிராணிகளைப் படமெடுத்து, அங்கேயே பிரிண்ட் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. நாய், பூனை, வெள்ளாடு, கறவை மாடு, சண்டைக்குப் போகாத சேவல். மேல்மலையனூர், திண்டிவனம், திருவண்ணாமலை வரை போவேன். இருட்டிவிட்டால் வண்டியிலேயே படுக்கை. இதற்கு முன்னால் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையிடம் "சிரிங்க" என்று கெஞ்சியதில் கிடைத்த பொறுமைதான் இந்தத் தொழிலுக்கு என் முதல்.

நாயை ஸ்டுடியோவுக்குக் கூட்டிவரச் சொன்னால் என்ன ஆகும் என்பது அனுபவமுள்ள போட்டோக்காரர்களுக்குத் தெரியும். டைல்ஸ் தரையில் கால் வழுக்கும். முன்னால் வந்துபோன நாயின் வாடை அடிக்கும். குடை விளக்கு திடீரென்று வெட்டும். காது பின்னால் படியும், நாக்கு மூக்கை நக்கும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். பாவம், சோம்பல் என்று வீட்டார் சிரிப்பார்கள். அது பயத்தில் விடுகிற கொட்டாவி. அதே நாய் தன் வீட்டு வாசலில் ஜமீன்தார். அதனால்தான் ஸ்டுடியோவுக்குச் சக்கரம் மாட்டினேன்.

வண்டியில் படக்கூடம் வைப்பது ஒன்றும் புதிதில்லை. 1855இல் ரோஜர் ஃபென்டன் என்ற ஆங்கிலேயர் ஒயின் வியாபாரி ஒருவரின் குதிரை வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு கிரீமியப் போர்க்களத்துக்குப் போனார். கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது, இருட்டறையை விட்டுத் தூரம் போக முடியாது. நம் பக்கத்தில் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் போட்டோகிராபர், 1857 கடைசியில் கிளம்பி மாட்டுவண்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு திருச்சி, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். கோயில் கோபுரம் ஆடாமல் நின்று கொடுத்தது. அன்றைய கேமராவின் முன்னால் வாலாட்டுகிற நாய் நின்றிருந்தால் புகையாகத்தான் பதிவாகியிருக்கும். இன்று நொடியில் ஐந்நூறில் ஒரு பங்குக்குத் திறந்து மூடினால் ஓடுகிற நாயையும் ஓரளவு நிறுத்திவிடலாம். 2019இல் சோனி கேமராக்களில் விலங்கின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி வந்தது. நாய்க்கும் பூனைக்கும் அது கைகொடுக்கிறது. ஆட்டின் கண்மணி படுக்கைவாட்டில் கோடுபோல இருப்பதாலோ என்னவோ, வெள்ளாட்டைக் கண்டால் என் கேமரா திணறும். அப்போது பழையபடி கையால்தான் போகஸ்.

இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்கள் முதலில் கேட்பது வண்டியைப் பற்றி. பழைய டிராவலர் ஒன்றை வாங்கி, பட்டறையில் விட்டு, கட்டிலும் சிங்கும் வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதற்கு மாறாக வண்டியின் அடிப்படை அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. மோட்டார் கேரவனுக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தர விதி இருக்கிறது. முறையாகக் கட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிந்துகொள்ளாவிட்டால், நாளை ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கையை விரிக்கும். லைசென்ஸ் விஷயம் சுலபம். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு இலகு ரக வாகன லைசென்ஸே போதும் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வும் உறுதிசெய்தது. வண்டியை நானே ஓட்டுகிறேன். பெட்ரோல் பங்கில் இன்னும் டிரைவரைத் தேடுகிறார்கள்.

அவர்களின் அடுத்த ஆசை, வண்டிக்குள் வெள்ளைத் திரை கட்டி, மெத்தென்ற விளக்கு வைத்து எடுப்பது. சென்னையில் செய்யலாம். செஞ்சியின் சித்திரை வெயிலில், மூன்று மலைப் பாறையும் சூட்டைக் கக்குகிற ஊரில், வேண்டாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி அளவுக்கு ஏறிவிடும். என் வண்டிக்குள் எந்த நாயையும் ஏற்றுவதில்லை. இன்னொரு காரணம் பார்வோ. குட்டிகளைக் கொல்கிற அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சோப்புத் தண்ணீருக்குச் சாகாது. ஒவ்வொரு வீட்டை விட்டுக் கிளம்பும்போதும் விரிப்பையும் என் செருப்பையும் பிளீச்சிங் கரைசலில் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன். ஆக, இவ்வளவு செலவழித்துக் கட்டிய கேரவனுக்குள் நான் ஒரு படம்கூட எடுப்பதில்லை. அது என் அலுவலகம், அச்சகம், மதியத்தில் குட்டித் தூக்கம் போடுகிற இடம்.

அப்படியானால் பின்னணி? அதைத்தான் இந்த ஊர் எனக்குக் கற்றுக் கொடுத்தது. இங்கே யாரும் நாயை மட்டும் தனியாக எடுத்துத் தரச் சொல்வதில்லை. வீடு தெரிய வேண்டும், தொழுவம் தெரிய வேண்டும், வளர்த்தவர் பக்கத்தில் நிற்க வேண்டும், கீழே பெயர் போட வேண்டும். வெள்ளைப் பின்னணி வெளிநாட்டுக் காலண்டருக்கு அழகு. இங்கே அதைக் காட்டினால், "எங்க மணி எந்த ஊர்ல நிக்குறான் இதுல?" என்பார்கள். நம் பக்கத்தின் பழைய நாய்ப் படம் ஒன்றும் இந்த மாதிரிதான். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமைகளைக் காக்கப் போராடி விழுந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அவனோடு அவன் நாயையும் செதுக்கி, அது கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் எழுதி, பெயரையும் வெட்டி வைத்தார்கள்: கோவிவன். வளர்த்தவன், நாய், பெயர், செய்த வேலை. என்னிடம் கேட்பதும் இதே நாலுதான்.

இந்த ஊரில் ஐந்தாவதாக ஒன்று சேரும். ராஜகிரி, செஞ்சிக் கோட்டையின் மலை. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாக இந்தக் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பிறகு, "கோட்டை தெரியணும்" என்பது கட்டளையாகிவிட்டது. உள்ளே போய் முக்காலி போட்டுத் தொழில்முறையில் எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும் அங்கே குரங்குகள் பிஸ்கட் டப்பாவை விட்டுவைக்காது. வயல்வெளியிலிருந்தே எடுக்கலாம். செல்போனில் பக்கத்தில் நின்று எடுத்தால் ஆடு பெரிதாகவும் சுமார் 800 அடி உயர ராஜகிரி பொட்டாகவும் தெரியும். நான் நன்றாகப் பின்னால் போய், நீள லென்ஸ் போட்டு, வரப்பில் படுத்துக்கொள்வேன். ஆட்டின் அளவு அதேதான். மலை மட்டும் எழுந்து வந்து அதன் முதுகுக்குப் பின்னால் நிற்கும். இதில் மந்திரம் இல்லை, தூரம் செய்கிற வேலை.

கஷ்டமானவை கறுப்புப் பிராணிகள். சட்டகம் முழுக்கக் கறுப்பாக இருந்தால் கேமரா பதறி வெளிச்சத்தைக் கூட்டிச் சாம்பலாக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் கரித்துண்டாக்கும். வேப்பமர நிழலுக்குக் கொண்டுபோய், பக்கவாட்டு வெளிச்சம் மயிரில் பளபளக்கும்வரை திருப்பித் திருப்பி நிறுத்த வேண்டும். ஃபிளாஷ் கூடாது. மாடு மிரளும், கண் பச்சையாக எரியும்.

முடியாது என்று சொல்லவும் தெரிய வேண்டும். கூண்டுக்கிளியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நம் பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். எடுக்க மாட்டேன் என்றால் கோபம் வரும். "ஜோசியக்காரன் வச்சிருக்கானே!" அவனும் வைத்திருக்கக் கூடாதுதான், ஆனால் அவனை நான் பிடிக்கப் போக முடியாது.

வியாழக்கிழமை மாலைகளில் வருகிற அழைப்புகள் வேறு மாதிரி. பெரும்பாலும் பிள்ளைகள் பேசுவார்கள், அப்பாவின் போனில், தாழ்ந்த குரலில். மறுநாள் வெள்ளிக்கிழமை, செஞ்சியில் ஆட்டுச்சந்தை. பக்ரீத்துக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களில் இந்த அழைப்புகள் அதிகம். "அக்கா, எங்க கெடா நாளைக்குப் போவுது. இன்னைக்கே வரியா?" இந்தப் படங்களுக்கு நான் மலையைத் தேடுவதில்லை. பையனும் கிடாவும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்பார்கள். அவ்வளவுதான் வேண்டும்.

பிரிண்டை அங்கேயே கையில் கொடுக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். போனுக்கு அனுப்பும் படம் போனோடு போய்விடும். மேக்ஸி சைஸ் ஒரு நிமிடத்துக்குள் வெளியே வரும், லேமினேஷன் இன்னும் கொஞ்ச நேரம். பிரேம் கேட்டால் மறுவாரம். பிரேம் கேட்பவர்களில் முக்கால்வாசி மாட்டுக்காரர்கள். மாட்டுப் பொங்கலுக்குப் பத்து நாள் முன்னாலிருந்து எனக்குச் சோறு தண்ணி கிடையாது.

பேரம் இல்லாத வீடு இல்லை. போன பொங்கலுக்குச் சிங்கவரம் பக்கம் ஒரு பெரியவர், காளைக்கு மாலை போட்டு, தானும் சலவை வேட்டி கட்டித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். எடுத்து முடித்து ரூ.300 என்றேன்.

"மாட்டுக்கு மட்டும் எவ்ளோம்மா?"

"மாட்டுக்குத்தான் முந்நூறு ஐயா. நீங்க நின்னதுக்குக் காசு இல்ல."

கொஞ்சம் யோசித்தார். "அப்போ வூட்டு ஆளுங்க எல்லாரையும் கூப்பிடுறேன், இரு."

பதினோரு பேர் வந்தார்கள். காளையின் கொம்பு மட்டும்தான் தெரிந்தது. இன்னொரு படம் எடுக்க வேண்டியதாயிற்று, அதற்கும் காசு வாங்கவில்லை.