மனதை அளக்கும் வழிகள் – 9
ஆடும் பாலமும் ஒரு தொலைபேசி எண்ணும்

கனடாவில் வான்கூவர் நகரத்தை ஒட்டி, கபிலானோ ஆற்றின் மேல் ஒரு தொங்கு பாலம் உண்டு. 450 அடி நீளம், 5 அடி அகலம். கீழே 230 அடிப் பள்ளம், அதில் பாறைகளும் ஓடும் நீரும். கால் வைத்ததுமே பாலம் ஆடும், ஒரு பக்கமாகச் சாயும். கைப்பிடியாக இருக்கும் கம்பி வடமும் தாழ்வானது. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் டட்டன், ஆர்தர் ஏரன் என்ற இரு உளவியலாளர்கள் இந்தப் பாலத்தில் செய்த ஆய்வு 1974-இல் வெளியானது.

பயத்தில் நெஞ்சு படபடக்கும்போது எதிரே ஒரு பெண் வந்து நின்றால், அந்தப் படபடப்பை அவள் மீதான ஈர்ப்பு என்று மனம் எடுத்துக்கொள்ளுமா? இதுதான் அவர்கள் கேள்வி.

18 முதல் 35 வயது வரையுள்ள, பெண் துணையில்லாமல் வந்த ஆண்களைப் பாலத்தில் ஓர் இளம்பெண் நிறுத்திப் பேசினாள். இயற்கைக் காட்சி படைப்புத் திறனை எப்படித் தூண்டுகிறது என்று ஆராய்வதாகச் சொல்லி ஒரு படத்தைக் காட்டினாள், அதற்கு ஒரு சிறு கதை எழுதித் தரச் சொன்னாள். எழுதி முடித்ததும், ஆய்வைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் கூப்பிடலாம் என்று தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தாள். ஆற்றின் மேல்பக்கத்தில், 10 அடி உயரத்தில் ஆடாத உறுதியான மரப்பாலம் ஒன்று இருந்தது. அங்கே வந்தவர்களிடமும் இதே பேச்சு, இதே படம், இதே அழைப்பு.

ஈர்ப்பை அளக்க எந்தக் கருவியும் கிடையாது. அதனால் கண்ணால் காணக்கூடிய, எண்ணக்கூடிய இரண்டு செயல்களை அதற்கு ஈடாக எடுத்துக்கொண்டார்கள்: கதையில் காமம் சார்ந்த குறிப்பு எவ்வளவு, பிறகு தொலைபேசியில் கூப்பிட்டார்களா இல்லையா. செயல்முறை வரையறை என்பது இதுதான். உளவியல் ஆய்வு எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த இடத்தைத்தான். தலைப்பில் ‘காதல்’, ‘அறிவு’, ‘மகிழ்ச்சி’ என்று என்ன இருந்தாலும் சரி, உண்மையில் எண்ணப்பட்டது எது என்று கேட்க வேண்டும்.

ஆடும் பாலத்தில் எண்ணை வாங்கிய 18 பேரில் 9 பேர் கூப்பிட்டார்கள். மரப்பாலத்தில் 16 பேரில் 2 பேர். பெண்ணுக்குப் பதில் ஓர் ஆண் பேட்டி எடுத்தபோது இரண்டு பாலங்களிலுமே கூப்பிட்டவர்கள் மிகச் சிலர். ஆக, ஆய்வு பற்றிய ஆர்வம் மட்டுமே அவர்களைக் கூப்பிட வைக்கவில்லை.

மேடைப் பேச்சுகளிலும் வாரப் பத்திரிகைத் துணுக்குகளிலும் கதை இத்தோடு முடிந்துவிடுகிறது. பயம் காதலாக மாறும் என்று ஒரு வரி, அவ்வளவுதான். எனக்கு இதில் பெரும் வருத்தம் உண்டு. ஆய்வின் மிகச் சிறந்த பகுதி இதற்குப் பிறகுதான் வருகிறது.

யார் எந்தப் பாலத்தில் நடப்பது என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கவில்லை, வந்தவர்களே தீர்மானித்தார்கள். அந்தரத்தில் ஆடும் பாலத்தை விரும்பி வந்தவர், இயல்பிலேயே துணிச்சல்காரராக இருக்கலாம். முன்பின் தெரியாத பெண்ணைக் கூப்பிடவும் அந்தத் துணிச்சலே போதும். அப்படியானால் பயத்துக்கு இதில் வேலையே இல்லை. இந்த ஐயம் டட்டனுக்கும் ஏரனுக்கும் தெளிவாகவே இருந்தது.

எனவே இரண்டாவது சோதனையில் மரப்பாலத்தை விட்டுவிட்டார்கள். இரு குழுவினரும் தொங்கு பாலத்துக்கு வந்தவர்களே. ஒரு குழுவைப் பாலத்தின் மேலேயே சந்தித்தார்கள். மற்றக் குழுவை, பாலத்தைக் கடந்து பத்து நிமிடமாவது ஆகி, படபடப்பு அடங்கிய பிறகு சந்தித்தார்கள். துணிச்சல் இரண்டு பக்கமும் ஒன்றுதான், வேறுபாடு படபடப்பில் மட்டும். முதல் குழுவில் 20 பேரில் 13 பேர் கூப்பிட்டார்கள், இரண்டாவதில் 23 பேரில் 7 பேர்.

இன்னொரு ஐயம் மிச்சமிருந்தது. ஆடும் பாலத்தில் நிற்கும் பெண்ணும் ஆபத்தில் இருப்பவளாகத்தானே தெரிவாள்? ஆணை ஈர்த்தது அவனுடைய பயமா, அவள் மீதான இரக்கமா? இதைப் பாலத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. மூன்றாவது சோதனைக்கு ஆய்வுக்கூடத்துக்குப் போனார்கள். மின் அதிர்ச்சி தரப்போவதாகச் சொல்லி, மாணவனுக்கு வலுவானதா லேசானதா, உடன் இருக்கும் பெண்ணுக்கு எது என்று தனித்தனியாக மாற்றிப் பார்த்தார்கள். யாருக்கு எது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். இப்போது துணிச்சல்காரரும் கூச்சக்காரரும் எந்தக் குழுவுக்கும் தாமாகப் போய்ச் சேர முடியாது. உளவியலில் காரணம், விளைவு என்று துணிந்து பேச உரிமை தருவது இந்த நாணயம்தான். வலுவான அதிர்ச்சி தனக்கு வரும் என்று காத்திருந்தவர்களிடம் ஈர்ப்பு கூடியிருந்தது. அவளுக்கு வரப்போவது வலுவானதா லேசானதா என்பது அதைப் பெரிதாக மாற்றவில்லை.

இதற்காக, ஆய்வில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 18 பேர், 16 பேர் என்பவை சிறிய எண்ணிக்கைகள். நான்கைந்து பேர் மனம் மாறியிருந்தாலே முதல் சோதனையின் முடிவு வேறாகியிருக்கும். பேட்டி எடுத்த பெண்ணுக்குத் தான் எந்தப் பாலத்தில் நிற்கிறோம் என்பது தெரியும், அவள் குரலும் சிரிப்பும் அதற்கேற்ப மாறியிருக்கலாம். ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அதுவும் இளைஞர்கள். பெண்களைப் பற்றியோ முதியவர்களைப் பற்றியோ இந்த எண்கள் எதுவும் பேசவில்லை. 1977-இல் கென்ரிக், சியால்டினி என்ற இருவர் வேறு விளக்கம் தந்தார்கள்: படபடப்பை மனம் காதலாக எடுத்துக்கொள்ளவில்லை, பயப்படும் நேரத்தில் அருகில் ஒருவர் இருப்பது தரும் ஆறுதலே ஈர்ப்பாகிறது. எண்கள் அதே எண்கள்தான், காரணம் மட்டும் வேறு. இரண்டில் எது சரி என்று தெரிய, இரண்டும் வெவ்வேறு முடிவைக் கணிக்கும்படியான புதிய சோதனையைத்தான் அமைக்க வேண்டும்.

அடுத்த வாரம்: வெளியான 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்ட பெருங்குழுவின் கதை.