காலடி மண்ணின் குணம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, பல்லாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு வேற்று மாநிலத்தில் வீடு கட்டும் அன்பர்களுக்கு இவ்வாக்கின் பொருள் நன்றாகவே விளங்கும். மனையின் விலையை விசாரிக்கிறோம். தண்ணீர் வசதியைக் கேட்கிறோம். வாசல் எத்திசையில் என்று பார்க்கிறோம். ஆனால், அவ்வீட்டைச் சுமக்கப் போகும் மண் எத்தகையது என்று கேட்பவர் சிலரே. அம்மண்ணைப் பற்றிய அறிவியலுக்கு மண் விசையியல் என்று பெயர். அதன் அடிப்படைகளை இன்று ஒருவாறு காண்போம்.

மைசூருக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது குண்டலுபேட்டை. அங்கே சாலை பிரிந்து, ஒரு கிளை உதகைக்கும் மற்றொரு கிளை வயநாட்டுக்கும் செல்கிறது. முன்பு மைசூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 1997ஆம் ஆண்டு முதல் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிறது. இத்தாலுக்காவில் சிவந்த நிலமும் உண்டு. கரிய களிநிலமும் உண்டு. கன்னட மக்கள் முன்னதைக் 'கெம்பு மண்ணு' என்றும், பின்னதை 'எரெ மண்ணு' என்றும் அழைப்பர். நம் வழக்கில் செம்மண்ணும் கரிசலும் அவையே. ஒரே அளவில், ஒரே கொத்தனார் கட்டிய இரு வீடுகளில் ஒன்று செம்மண்ணிலும் மற்றொன்று கரிசலிலும் நின்றால், சில ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இதற்குக் காரணம் என்ன?

மண் என்பது ஒரே பொருள் அன்று. திண்மையான துகள்கள், அவற்றின் இடுக்குகளில் நீர், நீர் இல்லாத இடத்தில் காற்று ஆகிய மூன்றும் சேர்ந்ததே மண். துகள் 0.075 மில்லிமீட்டருக்கு மேல் 4.75 மில்லிமீட்டர் வரை இருந்தால் அது மணல், 0.002 மில்லிமீட்டருக்கும் குறைந்தால் களி, இடைப்பட்டது வண்டல். ஒரு கண்ணாடிச் சாடியில் மண்ணை இட்டு, நீர் ஊற்றிக் கலக்கி வைத்துப் பாருங்கள். மணல் சிறிது நேரத்திலேயே அடியில் படியும். வண்டல் மெல்லப் படியும். களியோ மறுநாளும் நீரைக் கலங்கலாக வைத்திருக்கும்.

இத்துகள்கள் சுமையை எவ்வாறு தாங்குகின்றன என்பதைத் தெளிவுபடுத்தியவர், 1883ஆம் ஆண்டு பிராகா நகரில் பிறந்த கார்ல் டெர்சாகி என்னும் பொறியியல் அறிஞர். 1925ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட நூலே நவீன மண் விசையியலுக்குத் தோற்றுவாய் எனப்படுகிறது. மண்ணின் மேல் வரும் பாரத்தின் ஒரு பகுதியைத் துகள்கள் ஒன்றோடொன்று அழுந்தித் தாங்குகின்றன. மற்றொரு பகுதியை இடுக்கிலுள்ள நீர் தாங்குகிறது. இவற்றுள் மண்ணுக்கு உறுதி தருவது துகள்களுக்கு இடையேயுள்ள அழுத்தமே. நீரின் அழுத்தம் மிகுந்தால் அவ்வுறுதி குறையும். கிணறு வெட்டுவோர் இதனை நேரில் அறிவர். அடியிலிருந்து ஊற்று வேகமாகப் பீறிடும்போது, அதுவரை காலைத் தாங்கிய மணல் கொதிப்பதுபோல் இளகிக் காலை உள்ளே வாங்கிவிடும். மணல் அதே மணல்தான். நீரின் அழுத்தந்தான் மாறிற்று.

இனிக் கரிசலுக்கு வருவோம். இதிலுள்ள களித்துகள்களில் மாண்ட்மோரிலோனைட் என்னும் கனிமம் மிகுதி. இது ஏட்டுச்சுவடிபோல் மெல்லிய அடுக்குகளால் ஆனது. நீர் அவ்வடுக்குகளுக்கு இடையே புகுந்து அவற்றை விலக்குவதால் மண் உப்புகிறது. வெயிலில் நீர் வெளியேற, சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. நீரின் அளவுக்கேற்பக் களிமண் கூழாகவும், குழைந்த மாவாகவும், கட்டியாகவும் மாறும் எல்லைகளை ஸ்வீடன் நாட்டு வேதியியல் அறிஞர் ஆல்பர்ட் அட்டர்பர்க் 1911ஆம் ஆண்டில் வரையறுத்தார். இன்றும் ஆய்வுக்கூடங்களில், மண்ணைப் பிசைந்து 3 மில்லிமீட்டர் பருமனுள்ள திரியாக உருட்டி, அது எந்த ஈரத்தில் பொடிந்து உதிர்கிறது என்று பார்ப்பது இவ்வெல்லைகளில் ஒன்றை அறிவதற்கே.

கரிசல் நிலத்தில் வீடு எழும்பியதும், அதன் நடுப்பகுதியிலுள்ள மண் கூரையின் நிழலில் ஈரம் காத்து நிற்கிறது. சுற்றுச் சுவர்களின் அடிமண்ணோ கோடையில் காய்ந்து தாழ்கிறது. மழையில் நனைந்து எழுகிறது. வீடு முழுவதும் ஒரே அளவில் எழுந்து தாழ்ந்தால் தீங்கு குறைவு. ஓரிடம் அசைய மற்றோரிடம் அசையாதிருப்பதாலேயே, கதவு சன்னல்களின் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறது. சுண்ணாம்பையோ சிமெண்டையோ வைத்து அதனைப் பூசுவது நோயை விட்டு வடுவை மறைப்பதாகும். அடுத்த கோடையில் அது மீண்டும் திறக்கும்.

மண் எவ்வளவு உப்பும் என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. உலர்த்திச் சலித்த நுண்ணிய மண்ணைப் பத்துப் பத்துக் கிராமாக, அளவுக் கோடிட்ட இரு கண்ணாடிக் குழல்களில் இட்டு, ஒன்றில் நீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் ஊற்றி, ஒரு நாள் முழுதும் வைத்திருப்பர். மண்ணெண்ணெய் களியை உப்பச் செய்யாது. எண்ணெயில் 10 மில்லிலிட்டராக நின்ற மண், நீரில் 15 ஆக உயர்ந்திருந்தால் உப்பல் 50 விழுக்காடு. அதற்கு மேற்பட்டால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும்.

அப்படியானால் கரிசலில் வீடு கட்டவே கூடாதா? கட்டலாம். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென ஒரு முறையை வளர்த்துப் பரப்பினர். தரையில் குறைந்தது 3.5 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அதன் அடிப்பகுதியைக் குடம்போல் அகலமாக்கிக் கம்பியும் கான்கிரீட்டும் இடுவர். கோடையும் மழையும் எட்டாத ஆழத்தில் அக்குமிழ் ஊன்றி நிற்கும். சுவரைத் தாங்கும் உத்திரம் இத்தூண்களின் மேல் அமையும். மண் உப்பினாலும் இடிக்காதபடி அதற்கும் தரைக்கும் நடுவே சிறிது இடைவெளி விடுவர். கரிசலின் ஆழம் குறைவாக இருந்தால், அதனை முற்றிலும் அகற்றி அடியிலுள்ள கெட்டி நிலத்தில் அடித்தளம் இடுவதே நலம்.

முன்பே கட்டிய வீட்டில் வசிப்போரும் சிலவற்றைச் செய்யலாம். கூரைநீர் சுவரோரம் தேங்காமல் வாய்க்கால் அமைத்து அப்புறப்படுத்துக. வீட்டைச் சுற்றிலும் வெளிச்சரிவாகத் தளமிடுக. கசியும் குழாயை உடனே சீர்செய்க. நீரை மிகுதியாக உறிஞ்சும் பெருமரங்களைச் சுவருக்கு அருகே நடாதிருக்க. இவை அனைத்தும் அடிமண்ணின் ஈரத்தை ஒரே நிலையில் வைத்திருக்கும் வழிகளே.

மனை வாங்குமுன் இரண்டு மூன்று இடங்களில் குழி தோண்டிப் பார்த்து, மண்ணைச் சோதனைக்கு அனுப்புங்கள். அக்கம்பக்கத்துப் பழைய வீடுகளின் சுவர்களையும் பாருங்கள். உள்ளூர் கொத்தனாரையும் உழவரையும் கேளுங்கள். அவர்கள் மொழி வேறாயினும், அம்மண்ணோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள். சோதனைக்கு ஆகும் செலவு வீட்டின் செலவில் சிறு துளியே. வந்து சேர்ந்த ஊரின் மொழியைக் கற்பதுபோல், அதன் மண்ணின் குணத்தையும் கற்றுக்கொண்டால், வாழ்நாள் உழைப்பில் எழுந்த வீடு நம் பிள்ளைகளின் காலத்திலும் விரிசலின்றி நிற்கும்.